ஓடைக்கரைச் சிவப்பு அலிச்

உம்முஹான் யாரையும் மன்னித்ததாக எங்கள் கோஜாபெல் ஊரில் ஒரு கதைகூடக் கிடையாது. அவளுடைய கல்யாண விருந்தில் கோதுமைச் சோற்றில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள் ஒரு சமையல்காரி. அவளோடு இருபது வருஷம் உம்முஹான் பேசவில்லை. அந்தக் கிழவி சாகக் கிடந்தபோது போய்ப் பார்த்தாள். பரவாயில்லையே, கல்லும் கரைகிறதே என்று நாங்கள் எல்லோரும் நெகிழ்ந்து போனோம். கட்டிலருகே குனிந்து, கிழவியின் காதில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். என்ன சொன்னாள் என்பதைக் கிழவியின் மகள் பிறகு சொன்னாள். "உப்பு ஜாஸ்தி."

அப்படிப்பட்டவளின் மரத்தில் கை வைத்தவன் பெக்கிர். வேற்றாள் இல்லை, அவள் புருஷன் காஸிமின் கூடப்பிறந்த தம்பி.

காஸிம் கல்குவாரியில் நசுங்கிச் செத்தபோது அவர்களுடைய ஒரே மகள் நாஸ்லிக்கு நாலு வயது. பாகம் பிரித்ததில் கோதுமை வயல் பெக்கிருக்குப் போயிற்று. இவளுக்கு வீடும் கொல்லையில் இரண்டு பாத்தியும் மிஞ்சின. நாற்பது நாள் துக்கம் முடிந்த மறுநாள் காலை கூடையைத் தூக்கிக்கொண்டு கெல்காயாச் சரிவில் ஏறினாள். சரிவு முழுக்க மொட்டைச் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லுக்கு நடுவே முப்பத்தொரு அலிச் மரங்கள், எல்லாம் மஞ்சள் ஜாதி. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் முள்மரம்தான். செப்டம்பர் கடைசியில் கோலிக்குண்டு அளவுக்குப் பழுத்து, மாவும் புளிப்பும் இனிப்புமாக மரமே மஞ்சளாகிவிடும். அதைப் பறித்து, ஊசியில் நூல் கோத்து, மாலை மாலையாகக் கட்டி, கழுத்திலும் இரண்டு கையிலும் தொங்கவிட்டுக்கொண்டு பஸ் தேநீருக்கு நிற்கும் வளைவில் போய் நிற்பாள். பட்டணத்துக்காரர்கள் வாங்கிப் பிள்ளைகளின் கழுத்தில் போடுவார்கள். கைசேரி போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் மாலையை ஒவ்வொரு பழமாகக் கடித்துத் தின்று வெறும் நூலாக்கிவிடும். பதினாறு வருஷம் அந்த மாலைதான் அவள் வீட்டு அடுப்பை எரித்தது. நாஸ்லியைக் கைசேரிக் கம்பளத் தொழிற்சாலைக்காரன் ரெஜெப்புக்குக் கட்டிக்கொடுத்ததும் அதுதான்.

எங்களுக்கெல்லாம் முள் என்றால் முள். அவளுக்கு அப்படியில்லை. மஞ்சள் அலிச் காய்ந்த கல்லைத் தேடிப் போகும், சிவப்பு அலிச் ஓடைக்கரை ஈரத்தை விட்டு நகராது என்பாள். மஞ்சளின் இலையில் சாம்பல் பூத்தாற்போல் மெல்லிய ரோமம் இருக்கும். சிவப்பின் இலை வழவழப்பாக, ஆழமாகக் கிழிந்திருக்கும். மஞ்சள் பழத்தைக் கடித்தால் மூன்று கொட்டை, நாலு கொட்டை. சிவப்பு பட்டாணி அளவுதான், உள்ளே ஒற்றைக் கொட்டை, பறவைக்குத்தான் லாயக்கு. இலையும் பழமும் இல்லாத பனிக்காலத்தில்கூட, இளங்குச்சியைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு இன்ன ஜாதி என்று சொல்லிவிடுவாள்.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்று. மலையில் தானாக முளைத்த மரம் ஆண்டவனுடையது, யார் வேண்டுமானாலும் பறிக்கலாம். ஆனால் அதில் ஒருவன் ஒட்டுப் போட்டுவிட்டால், அன்றிலிருந்து மரம் அவனுக்கு. தலையை அறுத்துப் பேரிக்காய் மரத்துக் குச்சி செருகினவனைப் பஞ்சாயத்தும் கேட்காது, அரசாங்கமும் கேட்காது. மஞ்சள் அலிச்சில் உம்முஹான் ஒட்டுப் போட்டதில்லை. எதற்குப் போட வேண்டும்? அந்தப் பழம்தானே அவளுடைய பிழைப்பு. கெல்காயா மரங்கள் அவளுடையவை என்று ஊருக்கே தெரியும், ஒருவரும் ஏறமாட்டார்கள். பெக்கிருக்கும் தெரியும்.

நாஸ்லிக்குத் தலைப்பிரசவம். உம்முஹான் கைசேரிக்குப் போய் நாற்பது நாள் கூட இருந்தாள். பேத்தியைக் குளிப்பாட்டி, நாற்பதாம் நாள் சடங்கும் முடித்துவிட்டு மே மாதம் பஸ்ஸை விட்டு இறங்கியவள், வளைவில் நின்றபடியே சரிவைப் பார்த்தாள். முப்பத்தொரு மரத்துக்கும் தலை இல்லை. அறுத்த கட்டைகள் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் களிமண் அப்பி, கந்தல் சுற்றி, இரண்டிரண்டு பேரிக்குச்சிகள்.

மூட்டையை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஊர்த்தலைவர் ஹாஜி தெமிர் வீட்டுக்குப் போனாள். பெக்கிர் அங்கே சம்மணம் போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணி. பேத்தி நல்லாருக்காளா?" என்றான்.

"என் மரத்த எவன்டா அறுக்கச் சொன்னான்?"

"ஒங்க மரமா? எதுல ஒட்டுப் போட்டிருந்தீங்க? ஒண்ணக் காட்டுங்க, நான் மீசைய எடுத்துர்றேன்."

"பதினாறு வருஷமா நான் பறிச்ச மரம்டா அது. ஒங்கண்ணன் செத்த வருஷத்துலேர்ந்து."

"பறிச்சா ஒங்களுதாயிருமா? பறவையுந்தான் பறிக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தான். "முள்ளுதானே அண்ணி. முள்ளுக்குப் போயி இம்புட்டு அழுகையா?"

அவள் அழவில்லை. அதுதான் அவனுக்குத் தெரியாமல் போயிற்று. ஹாஜி தெமிர் தாடியைத் தடவிக்கொண்டு, "வழக்கம் அப்படித்தான் இருக்கு, உம்முஹான். நான் என்ன பண்ண?" என்றார். நியாயம் தெரிந்த மனிதர்தான். ஆனால் நியாயம் பேசினால் எதிரில் இருக்கும் தேநீர் ஆறிவிடும் என்று பயப்படுகிற ரகம்.

வெளியே வந்ததும் சரிவில் ஏறி, ஒரு கட்டையின் கந்தலை அவிழ்த்துப் பார்த்தாள். குச்சியில் மொட்டு விரிந்து கருகியிருந்தது. ஒட்டுக்குச்சியைப் பனிக்காலத்திலேயே வெட்டி மணலில் புதைத்து வைக்க வேண்டும், மரத்தில் சாறு ஏறும்போது தூங்குகிற குச்சியைச் செருக வேண்டும். இந்தப் புத்திசாலி ஏப்ரல் கடைசியில், தளிர்விட்ட மரத்தில் அன்றன்றைக்கே வெட்டிச் செருகியிருக்கிறான். ஒரு குச்சிகூடப் பிழைக்காது என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அதுதான் அவள் நெஞ்சைப் பிளந்தது. மரத்தைத் திருடினான், சரி. திருடி ஒழுங்காக வளர்க்கவாவது தெரிந்ததா?

ஜூலையில் முப்பத்தொன்றும் காய்ந்தன. "இந்த மஞ்சள் முள்ளு ஒட்டுக்கு லாயக்கில்லாத சனியன்" என்று பெக்கிர் தேநீர்க்கடையில் முழங்கினான். தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொள்கிற வம்சமில்லை அது. அந்த வருஷம் உம்முஹான் பழம் பறிக்கப் பாயிர் மலைக்கு இரண்டு மணி நேரம் நடந்தாள். அங்கே நின்றது ஏழு மரம்தான்.

ஒட்டு செத்தால் உரிமையும் செத்தது என்பதும் வழக்கம்தான். கட்டைகளின் அடியிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பியபோது அவள் ஒரு காரியம் செய்தாள். பனிக்காலத்தில் பாயிர் மலையிலிருந்து மஞ்சள் அலிச் குச்சிகளை வெட்டி மணலில் புதைத்தாள். மார்ச்சில் அவற்றையே கெல்காயாக் கட்டைகளின் தளிர்களில் ஒட்டுப் போட்டாள். அலிச்சின் மேல் அலிச். ஊரே சிரித்தது. "முள்ளுல முள்ள ஒட்டுனவ" என்று பெண்கள் ரொட்டி சுடும் குழியைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். முப்பத்தொரு கட்டையும் வழக்கப்படி இனி அவளுடையவை. காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும், அவ்வளவுதான்.

அந்தக் குச்சிகள் மணலில் கிடந்த ஜனவரியில்தான் பெக்கிர் அவள் வாசலுக்கு வந்தான். வெட்கம் என்பதை அவன் எந்தச் சந்தையிலும் வாங்கியதில்லை. பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து அடுப்பருகே உட்கார்ந்தான்.

"அண்ணி, நடந்தது நடந்துபோச்சு. முள்ளப் பத்தி இந்தச் சுத்துவட்டாரத்துல ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஓடைக்கரையில சிவப்பு அலிச் காடா நிக்குதே, எரநூறுக்குக் கொறையாது. அதுல பேரிக்கா ஒட்டுப் பிடிக்குமா?"

உம்முஹான் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

அவளுடைய அப்பா மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மூன்று சிவப்பு அலிச்சில் பேரி ஒட்டினவர். மூன்றும் அருமையாகப் பிடித்தன. மற்ற மரங்களைவிட வேகமாக வளர்ந்தன. எட்டாவது வருஷம் கிளை கொள்ளாமல் காய்த்து நின்றபோது ஒரு காற்று வந்தது. மூன்றும் ஒட்டிய இடத்திலேயே ஒடிந்து விழுந்தன, ஒன்று கழுதையின் மேல். பத்து வயது உம்முஹான் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். ஒடிந்த இடம் பீங்கான் தட்டு உடைந்தது போல வழவழவென்று இருந்தது. எட்டு வருஷத்தில் ஒரு நார்கூட இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்குள் போயிருக்கவில்லை. மேலே பட்டை மட்டும் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அன்றைக்கு அப்பா சொன்னதை அவள் மறக்கவில்லை. சிவப்பு சேர்த்துக்கொள்வது போல நடிக்கும் என்றார்.

"பிடிக்கும்," என்றாள் உம்முஹான்.

"நெசமாவா? எத்தனை பிடிக்கும்?"

"நூத்துக்கு நூறு. ஆனா குச்சிய இப்பவே வெட்டி மணல்ல பொதச்சு வை. தளிர் வர்ற முன்னாடி செருகு. போன தடவ மாதிரி கழுதத்தனம் பண்ணாத."

பெக்கிருக்கு வாயெல்லாம் பல். "ஒங்க மனசு யாருக்கு வரும் அண்ணி!" என்று அவள் கையைப் பிடித்து முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். அவன் போனதும் அந்தக் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

பொய் சொன்னாளா? இல்லை. அவன் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள், கேட்காததைச் சொல்லவில்லை. அன்று முதல் எட்டு வருஷத்துக்கான ஒரு வாக்கியத்தைத் தனக்குள் தயாராக வைத்துக்கொண்டாள். என்றைக்காவது அவன் வந்து, தெரிந்துதான் செய்தாயா என்று கேட்பான். அப்போது சொல்ல வேண்டியது: "நீ பிடிக்குமான்னு கேட்ட. நிக்குமான்னு கேக்கலையே." பாத்திரம் தேய்க்கும்போதும் பழம் கோக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்ப்பாள்.

ஒட்டு பிடித்தது. பேய்த்தனமாக வளர்ந்தது. மூன்றாம் வருஷமே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்த்தது. பெக்கிர் ஆட்டு மந்தையை விற்றுவிட்டு ஓடைக்கரை முழுக்க முள்வேலி போட்டான். தேநீர்க்கடையில் அவன் உட்காரும் தோரணை மாறியது. எங்களைப் பார்த்து, "முள்ள வச்சு மால கட்டறவளும் இருக்கா, முள்ள வச்சுத் தோட்டம் போட்டவனும் இருக்கான்" என்பான். உம்முஹான் அந்த வழியாகப் போகும்போது கேட்கட்டும் என்று குரலை ஏற்றுவான். அவளுக்குக் கேட்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, அவன் சந்தைக்குப் போன நாளாகப் பார்த்து, வேலிக்குள் நுழைவாள். ஒட்டிய இடத்தைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டுவாள். மேலே பேரி பருத்துக்கொண்டே போனது, கீழே அலிச் பருக்கவில்லை. குச்சிக் கால்மேல் தொந்தி வைத்த ஆள் போல நின்றது ஒவ்வொரு மரமும். அவள் வீட்டுக்கு வந்து அன்று மட்டும் தேநீரில் இரண்டு சர்க்கரைக்கட்டி போட்டுக்கொள்வாள்.

நாலாம் வருஷம் அங்காராவிலிருந்து நெர்மின் என்று ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்மணி, காட்டுமுள் ஜாதிகளைக் கணக்கெடுக்க வந்தாள். இலைகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துகிறவள். பெக்கிர் அவளைப் பிடித்துக்கொண்டுபோய்த் தோட்டத்தைக் காட்டினான். ஜாதி சொல்ல ஆள் வேண்டும் என்று அவள் கேட்டதால் உம்முஹானையும் கூப்பிட்டு அனுப்பினான். உம்முஹான் ஒட்டுக்குக் கீழே முளைத்திருந்த ஒரு கிளையிலிருந்து சிவப்புப் பழத்தைப் பிய்த்து நசுக்கினாள்.

"ஒத்தக் கொட்ட. பாருங்கம்மா, எலையில ரோமம் கெடையாது. ஈரத்த விட்டுப் போவாது. மேல கெல்காயாவுல இருக்குறது வேற. அது காஞ்ச கல்லுல நிக்கும், நாலு கொட்ட."

அந்தப் பெண்மணி அசந்துபோனாள். "நான் கண்ணாடி வச்சுப் பாத்துச் சொல்றத நீங்க நகத்தாலயே சொல்லிட்டீங்களேக்கா!" என்று எழுதிக்கொண்டாள். பிறகு ஒட்டிய இடத்தில் குனிந்து பார்த்தாள். புருவம் நெரிந்தது. "இந்த வீக்கம் எனக்குச் சரியாப் படலையே. அக்கா, சிவப்புல ஒட்டுனா இது நெலச்சு நிக்குமா?"

 கேள்வி வந்துவிட்டது. பெக்கிர் இரண்டு அடி தள்ளி நிற்கிறான். இப்போது நிற்கும் என்றால் பொய். உம்முஹான் பொய் சொல்லிப் பழி வாங்குகிறவள் இல்லை. நிற்காது என்றால் நாலு வருஷமும் வீண். அவள் வாயைத் திறப்பதற்குள் பெக்கிர் முந்திக்கொண்டான்.

"என்னம்மா கேள்வி இது? நான் செத்து, எம் பேரு மறந்து போனாலும் இது நிக்கும்! முள்ளு பொறுக்குற பொம்பளகிட்ட தோட்டத்தப் பத்திக் கேட்டா? அவுங்களுக்குப் பழம் கோக்கத்தான் தெரியும். என்னக் கேளுங்க!"

பெண்மணி சங்கடமாகச் சிரித்துவிட்டு நோட்டை மூடினாள். உம்முஹான் தலையைக் குனிந்துகொண்டாள். அவமானத்தில் குனிந்தாள் என்று பெக்கிர் நினைத்தான். சந்தோஷத்தில் முகம் காட்டிக்கொடுத்துவிடுமே என்று குனிந்தாள். ஆண்டவனே வலிய வந்து கொடுத்த வாய்ப்பை ஒருவன் இப்படிக் காலால் எற்றினால், அதற்கு மேல் அவனுக்காக இரக்கப்பட அவள் என்ன, நானே தயாரில்லை.

அடுத்த வருஷம் ரெஜெப்பின் தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். நாஸ்லியும் ரெஜெப்பும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். பெக்கிருக்குப் பிள்ளையில்லை. அவன் வளைவுக்கே போய் அவர்களை எதிர்கொண்டு, "எங்கண்ணன் மக, எரந்து நிக்கக் கூடாது. தோட்டத்துல பாதி ஒங்களுக்கு. ஒழச்சு எடுத்துக்குங்க" என்றான். பாவத்தைக் கழுவ நினைத்தானோ, கூலியில்லாத ஆள் கிடைத்ததென்று நினைத்தானோ, எனக்குத் தெரியாது. எழுதியே கொடுத்தான்.

நாஸ்லி ஓடிவந்து அம்மாவிடம் சொன்னாள். உம்முஹான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"வேணாம். ஓடக்கர நமக்கு வேணாம். எங்கூட வந்து மால கட்டு. கெல்காயா இன்னும் மூணு வருஷத்துல காச்சுரும்."

"கழுத்துல பழத்த மாட்டிக்கிட்டு நானும் ரோட்டுல நிக்கணுமாம்மா? அங்க தோட்டம் காச்சுக் கெடக்கு. சித்தப்பா பழசையெல்லாம் மறந்துட்டுக் குடுக்குறாரு. ஒனக்குத்தான் ஆகல."

"அவன் மறப்பான். அறுத்தது அவந்தானே."

"சரி, அவரு பண்ணது தப்புதான். அதுக்காக எம் பிள்ள பட்டினி கெடக்கணுமா? வேற காரணம் எதாச்சும் இருந்தா சொல்லு."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் நாஸ்லிக்குச் சொன்னால் அன்றைக்கே ரெஜெப்புக்குப் போகும், ரெஜெப்பிடமிருந்து பெக்கிருக்குப் போகும். இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அவன் முட்டுக் கொடுப்பான், வேறு கன்று நடுவான், தப்பித்துவிடுவான். அறுபட்ட முப்பத்தொரு தலையும் அவள் கண்முன் வந்து நின்றன. "பறவையுந்தான் பறிக்குது" என்ற அந்தச் சிரிப்பும் வந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

"ரொட்டி ஆறிடும், சாப்பிடு," என்றாள்.

அதன் பிறகு வந்த மூன்று வருஷமும் அவளுக்குத் தூக்கம் சரியாக இல்லை. ரெஜெப் ஓடைக்கரையில் மண் அணைத்தான். நாஸ்லி கவாத்து வெட்டக் கற்றுக்கொண்டாள். கையெல்லாம் காய்த்துப்போய் வந்து நின்று, "நம்ம பக்கத்து மரம் எப்படி இருக்குன்னு வந்து பாரும்மா" என்பாள். உம்முஹான் போகமாட்டாள். கட்டைவிரலால் தடவிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள், தேநீரில் இரண்டாவது சர்க்கரைக்கட்டியையும் நிறுத்திவிட்டாள். ஆனால் பழியை நிறுத்தவில்லை. அவளை எனக்குப் பிடிக்கும், இருந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: நிறுத்த அவளால் முடிந்தது, அவள் நிறுத்தவில்லை.

எட்டாவது வருஷம், செப்டம்பர் கடைசி. கெல்காயா முதல் தடவையாகக் காய்த்தது. முள்ளின் மேல் முள் ஒட்டியவளைப் பார்த்துச் சிரித்த பெண்களெல்லாம் சரிவு மஞ்சளாக நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். உம்முஹான் மத்தியானம் கூடையோடு மேலே நின்று பறித்துக்கொண்டிருந்தாள். கீழே ஓடைக்கரையில் பேரி மரங்கள் பழம் தாங்காமல் குனிந்து நின்றன. மறுநாள் பறிப்பு, லாரி சொல்லிவைத்திருந்தார்கள்.

வடக்கிலிருந்து காற்று வந்தது. பெரிய புயலொன்றும் இல்லை, கொடியில் காய்ந்த துணியைப் பறக்கவிடுகிற காற்று. கெல்காயாவில் மஞ்சள் பழம் நாலு உதிர்ந்தது. கீழே முதல் மரம் போனது. சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. பிறகு அடுத்தது. பிறகு எண்ண முடியவில்லை. கூரையில் சிறுவர்கள் கல் எறிகிறாற்போல ஓடைக்கரை முழுக்கப் படபடவென்று ஒடிந்தது. வேலிக்கு நடுவே பெக்கிர் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். மரம் அவனையும் சேர்த்துக் கீழே சாய்த்தது. எழுந்து அடுத்த மரத்துக்கு ஓடினான். உம்முஹான் ஒரு பழத்தை வாயில் போட்டு, நாலு கொட்டையையும் ஒவ்வொன்றாகத் துப்பினாள். எட்டு வருஷத்தில் அவளுக்கு இவ்வளவு ருசியாக எதுவும் இருந்ததில்லை.

பிறகுதான் வேலியின் மறுபாதியில் நாஸ்லி ஓடுவதைப் பார்த்தாள். ஒடிந்த மரத்துக்கும் ஒடியாத மரத்துக்கும் நடுவில், எதைப் பிடிப்பது என்று தெரியாமல்.

சாயங்காலம் பெக்கிர் வரவில்லை. அவன் ஓடையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான், மறுநாளும் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அண்ணியைக் கேட்க வேண்டும் என்று கடைசிவரை தோன்றவே இல்லை. காற்றைத் திட்டினான், சனிக்கிழமை ஒட்டுப் போட்டதைத் திட்டினான், கண்ணேறு என்றான். தப்பு எங்கே என்று தேடுகிற வம்சமில்லை என்று முன்னமே சொன்னேன். எட்டு வருஷம் தீட்டி வைத்த வாக்கியம் உம்முஹானின் வாயிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் சரிவில் ஏறி வந்தது நாஸ்லி. கையில் ஒடிந்த ஒரு கட்டை. ஒட்டிய இடத்தை அம்மாவுக்கு முன்னால் திருப்பிக் காட்டினாள். பீங்கான் தட்டு போல வழவழவென்று இருந்தது.

"ஒரு நார்கூட ஒட்டலம்மா. எட்டு வருஷமா ஒட்டவே இல்ல." மூச்சு வாங்கினாள். "குச்சியத் தடவிப் பாத்தே ஜாதி சொல்றவ நீ. ஒனக்குத் தெரியுமா இது?"

 உம்முஹானின் வாயில், இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் வந்தது.

"அவன் பிடிக்குமான்னு கேட்டான். நிக்குமான்னு கேக்கல."

நாஸ்லி கட்டையைக் கூடையின் மேல் வைத்தாள்.

"நான் எதாச்சும் காரணம் இருக்கான்னு கேட்டேனேம்மா," என்றாள்.

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மூன்றாம் நாள் காலை கைசேரி பஸ்ஸில் அவர்கள் ஏறினார்கள். உம்முஹான் வளைவில் மாலைகளோடு நின்றாள். கெல்காயாவின் முதல் பறிப்பு, பழம் ஒவ்வொன்றும் கண் மாதிரி இருந்தது. இருப்பதில் நீளமானதைக் கையில் தூக்கிப் பிடித்தாள். பேத்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். நாஸ்லி அந்தக் கையை உள்ளே இழுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அவள் யார் வயிற்றில் பிறந்தவள் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை, அன்று உம்முஹானுக்கும் தெரிந்தது.

அது நடந்து ஒன்பது வருஷமாகிறது. கெல்காயா வருஷம் தவறாமல் காய்க்கிறது. ஓடைக்கரையில் சிவப்பு அலிச் மறுபடியும் முளைத்துக் காடாகிவிட்டது, பறவைகளுக்குக் கொண்டாட்டம். நாஸ்லியிடமிருந்து ஒரு கடிதம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. கைசேரி பஸ் நின்றால் உம்முஹான் மாலையை விற்பதற்கு முன் ஜன்னல்களைத்தான் பார்க்கிறாள். தான் சாகக் கிடக்கும்போதாவது மகள் வந்து காதருகே குனிவாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், உப்பு ஜாஸ்தி என்று சொல்வதற்காகவாவது.